டென்னி கில்பேன் ஆடிய ஒரே ஆட்டம்

"எமில், உங்க புத்தகத்துல எழுபத்தி மூணாம் பக்கத்துல இருக்கிற ஆளோட விலாசம் வேணும்" என்று கேட்டுக்கொண்டே, அணியின் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவைக் கவனிக்கும் டெஸ்ஸா படியிறங்கி வந்தாள்.

எமில் வார்கோ வாயருகே கொண்டுபோன சாண்ட்விச்சை அப்படியே நிறுத்தினார். அந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவர் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. புத்தகத்தை எழுதியதே அவர்தான்.

"எந்த ஆளு?" என்றார், இருந்தாலும்.

"டென்னி கில்பேன். எழுபதாம் வருஷம் பிப்ரவரியில ஒரே ஒரு ஆட்டம். ரெண்டு பாயிண்ட். அதுக்கப்புறம் ஆளையே காணோம். மீதி இருநூத்திப் பத்துப் பேரையும் பிடிச்சாச்சு. உயிரோட இருக்கறவங்களுக்கும் கடிதம் போயாச்சு, போய்ச் சேர்ந்தவங்க குடும்பத்துக்கும் போயாச்சு. இவர் ஒருத்தர்தான் மிச்சம்."

"ஒரு ஆட்டம் ஆடினவனைப் போய் எதுக்கும்மா கூப்பிடணும்?"

"ஒரு நிமிஷம் ஆடியிருந்தாலும் கூப்பிடணும்னு முதலாளி சொல்லிட்டார். எல்லாருக்கும் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாச்சு. கில்பேனுக்கு என்ன அளவு? நடுத்தரமா, பெருசா?"

"நடுத்தரம்" என்று எமில் யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

போர்ட் ஹாலண்ட் ஸ்டோக்கர்ஸ் கூடைப்பந்து அணிக்கு அந்த ஆண்டு இருபத்தைந்து வயது. உலைக்குக் கரி அள்ளிப் போடுகிறவர்களின் பெயரை வைத்துக்கொண்ட அணி. ஊரில் உலைகள் ஒவ்வொன்றாக மூடிய பிறகும் அணி மட்டும் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. கோப்பை என்று ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு முறை இறுதிச் சுற்றுவரை போய், ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் தோற்றார்கள். ஊர்க்காரர்கள் அதை இன்றும் ஜெயித்த மாதிரிதான் பேசுவார்கள்.

முதல் முதலாளி மெத்தை வியாபாரி. அடுத்தவர் பல் டாக்டர். ஏழடி உயரமுள்ள கார்ல் ஸ்டென்ஸ்ருட் விமானத்துக்குப் பயந்து கலிஃபோர்னியாவுக்கு பஸ்ஸிலேயே கிளம்பி, ஆட்டம் முடிந்த மறுநாள் போய்ச் சேர்ந்தவர். பயிற்சியாளர் ஆர்ச்சி ப்ளம் நடுவரைக் குறிபார்த்து ஷூவை வீச, அது மேயர் மனைவியின் மடியில் போய் விழுந்தது. இதையெல்லாம் எமில் வருஷா வருஷம் புத்தகமாக எழுதி, பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுப்பார். அரங்கத்தின் அடித்தளத்தில், கொதிகலனுக்குப் பக்கத்து அறைதான் அவர் ஆபீஸ். நாற்பத்தாறு வயதில் அவருக்கு மனைவி மக்கள் யாருமில்லை. புத்தகம் இருந்தது.

அந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு பொய் உண்டு. அது எழுபத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

டென்னி கில்பேன் ஸ்டோக்கர்ஸுக்கு ஆடியதே இல்லை. அவன் எமிலின் தம்பி. அம்மா ஒருத்தி, அப்பா வேறு. அதனால்தான் பெயரில் ஒட்டு உறவு தெரியவில்லை. அவர்கள் வளர்ந்தது நாற்பது மைல் தள்ளி, ஆற்றோரத்து ஊரில். போர்ட் ஹாலண்டில் இந்த விஷயத்தை எமில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

டென்னிக்குப் பந்தைத் தவிர வேறு நினைப்பு கிடையாது. ஜனவரியில் பூங்காவில் பனியை வாரித் தள்ளிவிட்டுப் பந்து போடுவான். அறுபத்தொன்பதாம் வருஷக் கோடையில் ஸ்டோக்கர்ஸ் ஒருநாள் தேர்வு ஆட்டத்துக்குக் கூப்பிட்டது. எமில்தான் காரில் கூட்டிவந்து வாசலில் காத்திருந்தார். நாற்பது பேரில் டென்னியைப் பிடித்துப்போய் அக்டோபரில் வரச் சொன்னார்கள். அன்று அவனோடு ஆடிப் பார்த்த ஆட்டக்காரர் ஹொரேஸ் மேபின், பேசிக்கொண்டே வாசல்வரை அவனோடு வந்தார். வாசலில் சும்மா நின்ற எமிலுக்கும் ஸ்கோர் எழுதுகிற வேலை கிடைத்தது.

அக்டோபருக்கு முன்னால் கட்டாய ராணுவ சேவைக்கான கடிதம் வந்துவிட்டது. எமிலைத் தட்டைப் பாதம் என்று முன்பே கழித்துக் கட்டியிருந்தார்கள். டென்னியின் பாதத்தில் ஒரு குறையும் இல்லை. அவன் வியட்நாம் போனான். பிப்ரவரியில், அவன் செத்துப்போன செய்தியோடு இரண்டு ராணுவ வீரர்கள் அம்மாவின் கதவைத் தட்டினார்கள்.

செய்தி வந்த நாலாம் நாள் எமில் வேலைக்கு வந்து, ஸ்கோர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது கால்பகுதியில் ஹொரேஸ் மேபின் இடதுபக்க மூலையிலிருந்து ஒரு பந்தைக் கூடைக்குள் போட்டார். எமிலின் கை தாளின் கடைசியில் காலியாக இருந்த வரிக்குப் போய், 'கில்பேன்' என்று எழுதி, எதிரே இரண்டு என்று போட்டது. பாஸ் கொடுத்தவர் பெயரை எழுதுகிற கட்டத்தை மட்டும் காலியாக விட்டது. ரப்பர் பென்சில் நுனியிலேயே இருந்தது. அவர் அழிக்கவில்லை.

அப்போதெல்லாம் பனிக்காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருவன் அணியில் சேருவதும் விலகுவதுமாக இருந்ததால் யாரும் கேட்கவில்லை. லீக்கின் ஏட்டிலும் அது ஏறிவிட்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஹொரேஸ் மேபின் இந்த அணி கண்ட ஆட்டக்காரர்களிலேயே பெரியவர். எழுபத்தொன்பதில் முழங்கால் போய், ஆட்டத்தைவிட்டு நின்றார். கடைசியில் கூட்டிப் பார்த்தபோது மொத்தம் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு பாயிண்ட். பத்தாயிரத்துக்கு இரண்டு குறைச்சல்.

அன்றுமுதல் ஊரில் அவர் பெயரே 'ரெண்டு குறைச்சல்' ஆகிவிட்டது. டஜன் டோனட் கேட்டால் கடைக்காரர் பத்தை வைத்துக் கட்டி, "உனக்கு எப்பவும் இவ்வளவுதானே ஹொரேஸ்" என்பார். முடிவெட்டுகிறவர் இரண்டு மயிரை விட்டுவைப்பதாகச் சொல்வார். மேபின் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அந்த ஜோக் காதில் விழுகிற ஒவ்வொரு தடவையும் எமில் குனிந்து ஷூ லேஸைக் கட்டுவார்.

"விலாசம்?" என்று டெஸ்ஸா மறுபடி கேட்டாள்.

"அலாஸ்கா" என்றார் எமில். யோசிக்க நேரமிருந்திருந்தால் பக்கத்திலேயே ஏதாவது சொல்லியிருப்பார். "மீன்பிடிப் படகுல இருக்கான். வீடும் கிடையாது, போனும் கிடையாது. விட்டுடும்மா."

அவள் கண்கள் விரிந்தன. "ஒரே ஒரு ஆட்டம் ஆடிட்டு அலாஸ்காவுக்குப் போயிட்டாரா? எமில், இதை எப்படி விடறது?"

விடவில்லை. மறுநாள் ஊர்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் 'அலாஸ்காவில் ஒரு ஸ்டோக்கர்' என்று அரைப்பக்கம் வந்தது. வாரக் கடைசிக்குள் புனித சிரில் தேவாலயத்துப் பெண்கள் பியரோகிக் கொழுக்கட்டை பிடிக்கிற வேலையை நிறுத்திவிட்டு டென்னிக்குக் கம்பளித் தொப்பி பின்ன உட்கார்ந்துவிட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை டெஸ்ஸா ஓடிவந்தாள். "எமில், நல்ல செய்தி! அலாஸ்காவில கடலோர ரேடியோக்காரங்க ஒத்துக்கிட்டாங்க. மணிக்கு ஒரு தடவை எல்லாப் படகுக்கும் அறிவிப்பு போகுது. 'டென்னி கில்பேன், எங்கிருந்தாலும் கரைக்கு வரவும். உங்க அணி உங்களைத் தேடுது.'"

"மணிக்கு ஒரு தடவையா?"

"இன்னிக்குக் காலையிலேர்ந்து."

எமில் எழுந்து கொதிகலன் அறைக்குள் போய் நின்றார். அந்தக் குளிர்ந்த கடலில் யாரோ ஒருவர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். இருபத்துமூன்று வருஷமாக அவர் ஒருவர்தான் மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இதை உடனே நிறுத்தியாக வேண்டும் என்று தோன்றியது.

திரும்பி வந்து, "டெஸ்ஸா, கூப்பிட வேண்டாம்னு சொல்லிடு. அவன் இறந்துட்டான். இப்பத்தான் தெரிஞ்ச ஒருத்தர் போன் பண்ணினார்" என்றார்.

"ஐயோ! எப்படி?"

"படகுல."

"கவுந்துடுச்சா?"

"ஆமா" என்றார் எமில். அந்த ஒரு வார்த்தையில் விஷயம் முடிந்தது என்று நினைத்தார்.

சாயங்காலம் அலாஸ்காவிலிருந்து கடலோரக் காவல்படை கூப்பிட்டது. தங்கள் எல்லையில் எந்தப் படகும் கவிழ்ந்ததாகத் தகவல் இல்லை, இரண்டு விமானங்களை அனுப்பித் தேடுகிறோம் என்றார்கள். எமில் டெலிபோனைப் பிடுங்கி, "தேடாதீங்க சார், தேடாதீங்க! படகு கவுழல. நெஞ்சு வலி. கரையிலதான். அடக்கமும் பண்ணியாச்சு" என்று கத்தினார்.

"இப்பத்தானே கவுந்துதுன்னீங்க?" என்றாள் டெஸ்ஸா.

"துக்கத்துல உளறிட்டேம்மா."

அவள் அவர் தோளைத் தொட்டாள். கண்ணில் நீர் நின்றது. நல்ல பெண். நல்ல பெண்ணாக இருப்பதுதான் தொல்லையாகப் போயிற்று. "அப்படின்னா அவருக்குத் தனி மரியாதை பண்ணணும். நாற்காலியில ஜாக்கெட் மட்டும் வெக்கலாம். கூரையிலேர்ந்து பெரிய படம் தொங்கவிடலாம். எமில், உங்ககிட்ட இல்லாத படமா? அவர் படம் ஒண்ணு கொடுங்க."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு அரங்கமே டென்னியின் முகத்தைப் பார்க்கப்போகிறது.

அவர் தேர்ந்தெடுத்தது பூங்காவில் எடுத்த படம். பத்தொன்பது வயசு, இடுப்பில் பந்து, சிரிப்பு. பக்கத்தில் நின்ற அண்ணனின் பாதி உடம்பை எமில் கத்திரிக்கோலால் வெட்டி எடுத்தார். டென்னியின் தோளில் கிடந்த கையை மட்டும் வெட்ட முடியவில்லை. "இந்தக் கை யாரோடது?" என்று டெஸ்ஸா கேட்டாள்.

"யாரோ பூங்காவுக்கு வந்த ஆளு" என்றார் எமில்.

வியாழக்கிழமை படம் கூரையில் ஏறியது. பன்னிரண்டு அடி உயரம். அதைக் கட்டிய தொழிலாளி, "சின்னப் பையனா இருக்கானே பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனான். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க எமில் அதற்குக் கீழே நின்றார்.

இதற்குள் டெஸ்ஸா ஒரு டேப்ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு பழைய ஆட்டக்காரர்களைத் தேடிக் கிளம்பியிருந்தாள். எமில் இரண்டு நாள் தூங்கவில்லை. 'அப்படி ஒருத்தனே கிடையாதே' என்று எவனாவது ஒருவன் சொன்னால் போதும். வேலை போவது இருக்கட்டும். லீக்கில் உட்கார்ந்து ஒருவர் டென்னியின் பெயர்மேல் கோடு போடுவார். அவன் இரண்டாவது தடவை செத்துப்போவான்.

டெஸ்ஸா டேப்பைப் போட்டாள்.

"கில்பேனா?" என்றது ஆர்ச்சி ப்ளம்மின் கரகரத்த குரல். "நல்லா ஞாபகம் இருக்கே. அவனைக் கண்டுபிடிச்சதே நான்தான். வெச்சிக்கங்கடா, பெரிய ஆளா வருவான்னு தலைதலையா அடிச்சிக்கிட்டேன். மெத்தைக்காரன் கேட்டானா?"

அடுத்தது கார்ல் ஸ்டென்ஸ்ருட். "டென்னியும் நானும் ராச்செஸ்டர்ல ஒரே அறை. பஸ்ல எனக்குத் துணைக்கு வருவான். அந்த மாதிரி பிள்ளை கிடைக்காது."

மூன்றாவது, லூ ஜிராட். "என் ஷூவை எடுத்துட்டுப் போனவன் இன்னும் திருப்பித் தரலை. போகட்டும், பாவம். அவன் காலுக்காவது உதவட்டும்."

இப்படிப் பதினேழு பேர். மறந்துபோனேன் என்று சொல்ல ஒருவருக்கும் மனசு வரவில்லை. பழைய ஆட்டக்காரர்கள் அப்படித்தான். கூட ஆடியவனைத் தெரியாது என்று சொல்வதைப் பாவம் என்று நினைப்பார்கள். எமில் அந்த டேப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். டென்னி பஸ்ஸில் போனான். ராச்செஸ்டரில் தூங்கினான். ஷூ திருடினான். அக்டோபரில் வந்து சேர்ந்திருந்தால் அவன் வாழ்ந்திருக்கக்கூடிய வாழ்க்கை அது. பொய் என்று தெரிந்தே எமில் வரி வரியாக எழுதிவைத்துக்கொண்டார்.

ஒரு இடத்தில் மட்டும் பொறுக்க முடியவில்லை. "குறட்டைதான் தாங்காது" என்று கார்ல் சொன்னபோது, "டென்னி குறட்டையே விடமாட்டான்!" என்று மேஜையைத் தட்டினார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் டெஸ்ஸா.

"மூக்கைப் பார்த்தா தெரியாதா?"

அவள் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். "மேபின் மட்டும் டேப்ல பேசலை. 'அவனைப் பத்தி நான் ஞாயித்துக்கிழமை அங்க வந்து சொல்லிக்கறேன்'னுட்டார்."

எமில் டேப்பை நிறுத்தினார். பதினேழு பேரின் ஞாபகம் எப்படியோ போகட்டும். அந்தப் பந்தைப் போட்ட கை மேபினுடையது. தான் போட்ட பந்து எவன் பெயரில் போயிற்று என்று அவருக்கா தெரியாமல் போகும்?

வெள்ளிக்கிழமை டெஸ்ஸா கையில் ஒரு தகர டப்பாவோடு வந்தாள். குதித்துக்கொண்டே வந்தாள் என்று சொல்ல வேண்டும். "டிவி நிலையத்துக் கிடங்குல கிடைச்சுது! எழுபது பிப்ரவரி ஆட்டம், முழு ஃபிலிம்! டென்னியோட ஒரே கூடை இதுக்குள்ளதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை திரை கட்டி எல்லாருக்கும் காட்டப்போறோம்!"

"கொடும்மா" என்று எமில் கை நீட்டினார். "பழைய ஃபிலிம். தூசி தட்டாம ஓட்டினா அறுந்துடும்."

அவள் போனதும் கதவைத் தாழிட்டு, பழைய புரொஜெக்டரைச் சுவரைப் பார்த்துத் திருப்பினார். மூன்றாவது கால்பகுதி வந்தது. இடதுபக்க மூலை. மேபின் எழும்புகிறார், பந்து போகிறது, விழுகிறது. பக்கத்தில் ஈ காக்கை இல்லை. சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் அது மேபினின் கூடை. அது மேபினின் பத்தாயிரம்.

படத்தின் ஓரத்தில் ஸ்கோர் மேஜையும் தெரிந்தது. இருபத்துமூன்று வயசுப் பையன் ஒருவன் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான். எல்லோரும் பந்தைப் பார்க்க, அவன் மட்டும் பார்க்கவில்லை. எழுதி முடித்து, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எமில் அந்தப் பையனுக்காக அழுதார்.

கத்திரிக்கோல் மேஜைமேலேயே இருந்தது. அந்த நாலு அடி ஃபிலிமை வெட்டிக் கொதிகலனில் போட்டால் டென்னி பிழைத்தான். எமில் கத்திரிக்கோலை எடுத்தார், வைத்தார், எடுத்தார். மேபினிடமிருந்து ஒரு தடவை எடுத்தாயிற்று. இன்னொரு தடவை எடுக்கக் கை வரவில்லை.

டெஸ்ஸாவிடம், "ஃபிலிம் கெட்டுப்போச்சும்மா. ஒண்ணும் தெரியலை" என்றார்.

அவள் முகம் வாடி, உடனே மலர்ந்தது. "பரவாயில்லை! அந்தக் கூடையை மேபினையே மைக்ல வர்ணிக்கச் சொல்லிடறேன். அவர் அன்னிக்கு ஆடினவராச்சே!"

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வெளியே பனி, உள்ளே ஸ்டோக்கர்ஸ் வழக்கம்போலப் பதினாறு பாயிண்ட் பின்னால். இடைவேளையில் விழா. எமில் கோட்டுக்குள் தகர டப்பாவைச் செருகிக்கொண்டு நடைபாதையில் நின்றார். என்ன செய்ய வேண்டும் என்று முடிவு பண்ணியிருந்தார். ஃபிலிமை மேபின் கையில் கொடுத்துவிட வேண்டும். பத்தாயிரம் அவருக்குச் சேரட்டும். டென்னியை இறக்கிவிட வேண்டியதுதான்.

மேபின் கைத்தடி ஊன்றி, ஒரு காலை இழுத்து இழுத்து வந்தார். வாசலில் நின்ற காவலாளி, "வாங்க ஹொரேஸ்! படியில பாத்து ஏறுங்க, ரெண்டு படி குறைச்சலா இருக்கும்!" என்று சொல்லித் தானே சிரித்தான். மேபினும் சிரித்தார். ஐம்பத்தோரு வயசுதான், எழுபது போலத் தெரிந்தார்.

"ஹொரேஸ், ஒரு நிமிஷம்" என்றார் எமில். "உங்களுக்கு ஒரு துரோகம் பண்ணிட்டேன். ரொம்ப நாளைக்கு முன்னாடி. இதுல எல்லாம் இருக்கு. மைக்ல பேசறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க. அப்புறம் என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்."

மேபின் டப்பாவை வாங்கி, மூடியில் எழுதியிருந்த தேதியைப் படித்தார். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எமிலின் கோட்டைத் திறந்து, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்து, பொத்தானைப் போட்டுவிட்டார்.

"நான் எதுக்கு இதைப் பாக்கணும்? அன்னிக்கு நான் அங்கதானே இருந்தேன்" என்றார்.

எமில் மேலே பேசுவதற்குள் டெஸ்ஸா வந்து மேபினைக் கையைப் பிடித்து அழைத்துப்போனாள்.

பெயர்களைக் கூப்பிட்டார்கள். கார்ல் குனிந்து வந்தார். ஆர்ச்சி ப்ளம் ஒரு ஷூவைக் கழற்றி உயர்த்திக் காட்ட, அரங்கம் அதிர்ந்தது. இறந்துபோனவர்களின் மனைவிமார்கள் ஜாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியாக ஒரு காலி நாற்காலி. அதில் நடுத்தர அளவு ஜாக்கெட், அதன்மேல் கம்பளித் தொப்பி. ஸ்கோர் மேஜையில் தன் இடத்தில் எமில் உட்கார்ந்திருந்தார். தப்பிக்க வழியில்லை, தப்பிக்கிற தெம்பும் இல்லை.

மேபின் மைக்கைப் பிடித்தார்.

"மூணாவது கால்பகுதி" என்று ஆரம்பித்தார். "நாங்க பதினொண்ணு பின்னாடி. எப்பவும்போலன்னு வெச்சிக்குங்க." கூட்டம் சிரித்தது. "பந்து என் கையில. என்மேல ரெண்டு தடியனுங்க. எந்தப் பக்கமும் திரும்ப முடியலை. அப்ப இடதுபக்க மூலையில அந்தப் பையன் தனியா நிக்கறான். கத்தலை, கை ஆட்டலை. வரும்னு தெரிஞ்சவன் மாதிரி நிக்கறான். கொடுத்தேன். அவன் அவசரமே படலை. பந்து போடும்போது நாக்கை இப்படி ஓரமா கடிச்சிக்குவான். கடிச்சிக்கிட்டே எழும்பினான். பந்து வளையத்துல படக்கூட இல்லை. நான் எத்தனையோ கூடை போட்டிருக்கேன். அதுல ஒண்ணுகூட அவ்வளவு அழகா விழுந்ததில்லை."

எமில் நிமிர்ந்தார். நாக்கு. டென்னி பந்து போடும்போது நாக்கை இடதுபக்கம் கடித்துக்கொள்வான். அம்மா அதற்காகவே திட்டுவாள். புத்தகத்தில் அது இல்லை. படத்திலும் இல்லை. அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பன்னிரண்டாயிரம் பேர் எழுந்து நின்று காலி நாற்காலிக்குக் கை தட்டினார்கள். எமிலுக்கு எல்லாம் கலங்கித் தெரிந்தது. ஃபிலிமில் இருந்தது போய்விட்டது. இடதுபக்க மூலையிலிருந்து டென்னி எழும்பி, நாக்கைக் கடித்துக்கொண்டு பந்து போடுவதுதான் தெரிந்தது. இருபத்துமூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் அந்தக் கூடையைப் பார்த்தார். முகத்தை மறைக்காமல் அழுதார். பக்கத்தில் இருந்தவர்கள், அணிமேல் இந்த மனிதருக்கு இவ்வளவு பாசமா என்று பார்த்தார்கள்.

சத்தம் அடங்குவதற்குள் மேபின் கைத்தடியை ஊன்றி ஸ்கோர் மேஜைக்கு வந்துவிட்டார். முழங்காலை மெல்ல மடக்கி, எமிலின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜைமேல் கிடந்த பென்சிலை எடுத்து எமிலின் விரல்களுக்கு நடுவே செருகினார்.

"உன் தம்பிக்கு அந்தப் பந்தைக் கொடுத்தது நான்தான்னு இப்ப ஊரே கேட்டாச்சு, எமில்" என்றார் காதருகில் குனிந்து. "இனிமேலாவது அந்த ஒரு பாஸை என் பேர்ல எழுதுவியா, மாட்டியா?"